எட்டுக் கோப்பைத் தேநீர்
கணக்கு மேதை பிஷரின் கதை

இராமேசுவரம் கடைத்தெருவில் சங்கு விற்கிறார்கள். கீழக்கரைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளிக்கிறவர்கள் உண்டு. கடலில் கிடைக்கும் சங்கெல்லாம் இடம்புரி. வலம்புரி கிடைப்பது மிக அரிது. லட்சக்கணக்கான சங்குகளில் ஒன்று என்பார்கள்.

ஒருவர் ஒரே ஒரு முறை முங்குகிறார். ஒரே ஒரு சங்கை எடுக்கிறார். அது வலம்புரியாக இருக்கிறது. ஊரே கூடி அதிசயப்படும்!

ஆனால் பல ஊர்க்காரர்கள் பல ஆண்டுகள் முங்கி, லட்சக்கணக்கில் சங்கு எடுத்தால்? அந்தக் குவியலில் ஒரு வலம்புரி இருப்பதில் அதிசயம் என்ன? இல்லாமல் போனால்தான் அதிசயம்.

இரண்டு இடத்திலும் சங்கு ஒன்றுதான். எத்தனை முறை முங்கினார்கள் என்பதுதான் வேறு.

இந்தச் சின்ன உண்மை இன்று பெரிய பெரிய விஞ்ஞானிகளைப் படாதபாடு படுத்துகிறது. நோய்க்குக் காரணமான மரபணுவைத் தேடுகிறவர்கள் ஒரு முறை முங்குவதில்லை. ஒரே நாளில் இருபதாயிரம் முறை முங்குகிறார்கள்! அவர்கள் கையில் வருவது வலம்புரியா, வெறும் தற்செயலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கு வழி காட்டிய கணக்கு மேதை ஒருவர் இருந்தார். அவர் பெயர் ரொனால்டு எய்ல்மர் பிஷர். ஆங்கிலத்தில் பிஷர் என்றால் மீனவர் என்று பொருள். இவர் மீன் பிடித்தவர் அல்லர். வலையில் விழுந்தது மீனா, பாசியா என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக் கொடுத்தவர்.

அவர் வாழ்க்கையில் வெற்றி உண்டு. சறுக்கலும் உண்டு. இரண்டிலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

விளக்கு இல்லாமல் படித்த பாடம்

பிஷர் பிறந்தது லண்டன் நகரில். 1890-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி பிறந்தார். தந்தை ஏல வியாபாரி. விலை உயர்ந்த ஓவியங்களையும் கலைப் பொருள்களையும் ஏலம் விடுவார். வீட்டில் வசதி இருந்தது.

அந்த வசதி நிலைக்கவில்லை. பிஷருக்கு 14 வயதானபோது தாயார் காலமானார். கொஞ்ச நாளில் தந்தையின் வியாபாரமும் நொடித்துப் போயிற்று. உதவிச் சம்பளம் பெற்றுத்தான் பையன் படிக்க வேண்டியிருந்தது.

இன்னொரு துன்பமும் இருந்தது. பிஷருக்குக் கண் பார்வை மிகவும் மோசம். விளக்கு வெளிச்சத்தில் படிக்கக் கூடாது என்று டாக்டர்கள் தடுத்துவிட்டார்கள்.

மாலை நேரத்தில் கணக்கு வாத்தியார் வருவார். விளக்கு இல்லை. காகிதம் இல்லை. பென்சில் இல்லை. வாத்தியார் வாயால் சொல்வார். பையன் காதால் கேட்பான். கோடுகளையும் வட்டங்களையும் மனத்துக்குள்ளேயே வரைந்து பார்ப்பான்.

இப்படிப் பழகியதால், பிறர் பக்கம் பக்கமாக எழுதிக் காணும் விடையை அவர் மனக்கண்ணால் ஒரே பார்வையில் கண்டார். பின்னாளில் மற்றக் கணித அறிஞர்கள் அவருடைய விடைகளுக்கு வழி கண்டுபிடிக்கத் தவித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

1909-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்பு முடிந்தது. 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. பட்டாளத்தில் சேரப் போனார். கண் பார்வை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. 1917-ல் திருமணம் நடந்தது. மனைவி பெயர் ரூத் எய்லீன்.

வயல்வெளியில் வேலை

1919-ல் அவர் வாழ்க்கை திரும்பியது. லண்டனுக்கு வடக்கே ரோத்தம்ஸ்டட் என்ற இடத்தில் ஒரு விவசாய ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. அங்கே ஒரு கோதுமை வயலில் 1843 முதல் உரச் சோதனை நடந்து வந்தது. எந்தத் துண்டு நிலத்துக்கு எந்த உரம் போட்டார்கள், எத்தனை மூட்டை கண்டது என்று எழுதி எழுதி வைத்திருந்தார்கள். மலை போலக் குவிந்த கணக்கு! அதிலிருந்து என்ன தெரிகிறது என்று சொல்ல ஆள் இல்லை.

அந்த வேலைக்குப் பிஷர் வந்தார்.

நம் விவசாயிக்குத் தெரிந்த சங்கதிதான் அது. ஒரு வயலில் மிளகாய் நன்றாகக் காய்த்தது. உரத்தாலா? மழையாலா? மண்ணாலா? எப்படிச் சொல்வது?

பிஷர் வழி சொன்னார். நிலத்தைச் சிறு சிறு துண்டாகப் பிரியுங்கள். எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். நல்ல நிலமாகப் பார்த்துப் புது உரத்தைப் போடும் ஓரவஞ்சனை அதனால் ஒழியும். பிறகு விளைச்சலை ஒப்பிடுங்கள்.

இன்று புது மருந்து வந்தால் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டு பிரிவாகப் பிரித்துச் சோதிக்கிறார்கள். அந்த வழக்கத்தின் வேர் பிஷர் வேலை பார்த்த கோதுமை வயலில் இருக்கிறது.

எட்டுக் கோப்பை

ரோத்தம்ஸ்டட்டில் மாலைதோறும் தேநீர் வேளை உண்டு. ஒரு நாள் பிஷர் ஒரு கோப்பைத் தேநீரைப் பெண் விஞ்ஞானி ஒருவரிடம் நீட்டினார். அவர் பெயர் மியூரியல் பிரிஸ்டல். அந்த அம்மையார் வாங்க மறுத்துவிட்டார். காரணம் வேடிக்கையானது. பாலை முதலில் ஊற்றி, பிறகு தேநீரை ஊற்ற வேண்டுமாம். முதலில் தேநீரை ஊற்றினால் ருசி கெட்டுவிடுமாம். குடித்துப் பார்த்தே எதை முதலில் ஊற்றினார்கள் என்று தம்மால் சொல்ல முடியும் என்றார் அம்மையார்.

மற்றவர்கள் சிரித்தார்கள். அம்மையாரைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. அந்தச் சோதனையைப் பிஷர் பிறகு தம் புத்தகத்தில் விளக்கமாக எழுதினார்.

எட்டுக் கோப்பை. நாலில் பால் முதல். நாலில் தேநீர் முதல். எட்டையும் கலைத்து வைக்க வேண்டும். பால் முதலில் ஊற்றிய நாலு கோப்பையையும் அம்மையார் சரியாகப் பொறுக்க வேண்டும்.

எட்டில் நாலைப் பொறுக்க மொத்தம் 70 வழி உண்டு. அவற்றில் ஒரே ஒரு வழிதான் முழுக்கச் சரி. ஒன்றும் தெரியாமல் குருட்டாம்போக்கில் பொறுக்கினால், முழுக்கச் சரியாக வருவது 70-ல் ஒரு தடவைதான். ஆகவே ஒருவர் நாலையும் சரியாகப் பொறுக்கினால், அவர் நாக்குக்கு உண்மையிலேயே ஏதோ சக்தி இருக்கிறது என்று நம்ப இடம் உண்டு.

விளையாட்டுப் போலத் தோன்றும் இந்தக் கணக்குத்தான் இன்று உலகமெங்கும் மரபணு ஆராய்ச்சியில் பயன்படுகிறது. அதற்குப் பிஷரின் துல்லியச் சோதனை என்று பெயர்.

இருபதில் ஒன்று

1925-ல் பிஷர் ஒரு புத்தகம் எழுதினார். ஆராய்ச்சியாளர்களுக்கான புள்ளிவிவர முறைகள் பற்றிய புத்தகம் அது. அதில் ஒரு கோடு கிழித்தார்.

தற்செயலாக நடக்கக்கூடிய வாய்ப்பு 20-ல் ஒன்றுக்கும் குறைவாக இருந்தால், அந்தச் செய்தியைக் கவனிக்கலாம். அதற்கு மேல் இருந்தால் தள்ளிவிடலாம். இதுதான் கோடு.

இது தெய்வம் போட்ட கோடு இல்லை. வசதிக்காக மனிதர் போட்டது. பிஷருக்கும் அது தெரியும். ஒரு தடவை கோட்டைத் தாண்டியதை அவர் முடிந்த முடிவாகக் கொள்ளவில்லை. திரும்பத் திரும்பச் செய்தும் அதே பலன் வந்தால்தான் நம்ப வேண்டும் என்பது அவர் கொள்கை. உலகம் கோட்டைப் பிடித்துக்கொண்டது. கொள்கையைப் பல இடங்களில் மறந்துவிட்டது.

எழுபது பேர் வந்தால்?

இப்போது ஒரு கேள்வி.

அந்த அம்மையார் ஒருவர்தான் வந்தார். ஒருவருக்குப் பதிலாக 70 பேர் வரிசையில் நின்றால்? ஒருவருக்கும் ருசி தெரியாது. எல்லோரும் குருட்டாம்போக்கில் பொறுக்குகிறார்கள். சராசரியாகப் பார்த்தால் அவர்களில் ஒருவர் நாலையும் சரியாகப் பொறுக்கிவிடுவார்!

அவரை மட்டும் மேடையில் ஏற்றி, மாலை போட்டு, இவருக்கு அபூர்வ நாக்கு என்று பறை சாற்றினால் அது உண்மையா? தோற்ற 69 பேரையும் மறைத்துவிட்டுச் சொல்லும் பாதி உண்மை!

இந்த ஆபத்தைப் பிஷர் உணர்ந்திருந்தார். 1935-ல் சோதனைகளை அமைப்பது பற்றி இன்னொரு புத்தகம் எழுதினார். தேநீர்க் கதை வருவது அதில்தான். பல பயிர்களை ஒப்பிட்டுவிட்டு, எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரியும் வித்தியாசத்தை மட்டும் பொறுக்கி எடுத்து, சாதாரணக் கோட்டை வைத்து அளக்கக் கூடாது என்று அதில் எச்சரித்தார். பத்து வகைப் பயிரை இரண்டிரண்டாக ஒப்பிட்டால் 45 ஜோடி வரும். 45 தடவை முங்கினால் ஒன்றிரண்டு கைக்கு வரத்தானே செய்யும்?

இந்தியாவில் பிஷர்

பிஷருக்கு நம் நாட்டோடு நெருங்கிய உறவு உண்டு. கல்கத்தாவில் இந்தியப் புள்ளிவிவர நிலையத்தைத் தொடங்கியவர் பேராசிரியர் மகலானோபிஸ். அவர் அழைப்பின் பேரில் பிஷர் இங்கே வந்தார். 1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த முதலாவது இந்தியப் புள்ளிவிவர மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். பின்னும் பல முறை வந்தார்.

கல்கத்தாவிலிருந்து ஓர் இந்திய இளைஞர் 1946-ல் கேம்பிரிட்ஜ் சென்றார். அவர்தான் சி. ஆர். ராவ். பிஷரின் மரபியல் கூடத்தில் எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்தார். பிஷரிடமே பயின்று 1948-ல் டாக்டர் பட்டம் பெற்றார். உலகம் போற்றும் மேதையாகி, 2023-ல் தம் 102-வது வயதில் மறைந்தார்.

கல்கத்தா நிலையத்தில் வளர்ந்த இன்னும் இருவர் எஸ். என். ராய், ஆர். சி. போஸ். 1953-ல் இவர்கள் இருவரும் ஒரு வழி கண்டார்கள். ஒரே நேரத்தில் பல ஒப்பீடுகளைச் செய்தாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பிழைக்கு ஒரு வரம்பு கட்டும் வழி அது. பல தடவை முங்குவதால் வரும் ஏமாற்றத்தைத் தடுக்க இந்தியர்களும் அணை கட்டியிருக்கிறார்கள் என்பது நமக்குப் பெருமை.

நம் இராமநாதபுரம் கடற்கரைக்கும் இந்தக் கலை வந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கியது. அதன் தலைமையகம் பல ஆண்டுகள் மண்டபத்தில்தான் இருந்தது. அந்த நிலையத்தார் கடற்கரையில் இறங்கும் எல்லா மீனையும் எண்ணுவதில்லை. முடியவும் முடியாது. எந்தத் துறையில், எந்த நாளில் எண்ணுவது என்று சீட்டுக் குலுக்குவதுபோலத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தச் சிறு கணக்கிலிருந்து பெரிய கணக்கை மதிப்பிடுகிறார்கள்.

மீன் என்றதும் மரபணுக் கணக்கை எளிதாக விளக்க வழி கிடைத்துவிட்டது!

ஒரு கூடை மீன்

நம் உடம்பில் அநேகமாக ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் மரபணுக்கள் இருக்கின்றன. உடம்புக்கு வேண்டிய புரதங்களை எப்படிச் செய்வது என்ற குறிப்பு அவற்றில் இருக்கிறது. மனிதனுக்குப் புரதம் செய்யும் மரபணு சுமார் 20,000. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. சில, சர்க்கரையை எரித்துச் சக்தி தரும். சில, நோய்க் கிருமியோடு சண்டை போடும். ஒரே வேலையைச் செய்யும் மரபணுக்களை ஒரு கூட்டமாகச் சேர்த்து விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். இப்படி ஆயிரக்கணக்கான கூட்டங்கள் உண்டு.

நோயாளியையும் நோயில்லாதவரையும் ஒப்பிட்டால், சில மரபணுக்கள் கூடுதலாகவோ குறைவாகவோ வேலை செய்வது தெரியும். அவற்றைத் தனியே ஒரு கூடையில் போடுகிறார்கள். பிறகு கேட்கிறார்கள்: இந்தக் கூடையில் எந்தக் கூட்டம் அளவுக்கு மேல் சேர்ந்திருக்கிறது?

பாம்பன் கரையில் 1,000 மீன் இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 வகை. வகைக்கு 50. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு 20 மீனைக் கூடையில் அள்ளுகிறீர்கள். வகைக்கு ஒன்று வருவது சராசரி. ஆனால் கூடையில் 4 சாளை இருக்கிறது. இது தற்செயலா?

பிஷரின் தேநீர்க் கணக்கைப் போட்டால் விடை வரும். நாலோ அதற்கு மேலோ சாளை தற்செயலாக வரும் வாய்ப்பு 1,000-ல் 15. இருபதில் ஒன்று என்பது 1,000-ல் 50. ஆகவே கோட்டைத் தாண்டிவிட்டது! சாளையில் ஏதோ சங்கதி இருக்கிறது என்று சொல்லத் தோன்றும்.

பொறுங்கள். நீங்கள் சாளையை மட்டுமா பார்த்தீர்கள்? 20 வகையையும் அல்லவா எண்ணினீர்கள்? சாளை இல்லாவிட்டால் நெத்திலியைக் காட்டியிருப்பீர்கள். நெத்திலி இல்லாவிட்டால் பாரையைக் காட்டியிருப்பீர்கள். 20 கேள்வி கேட்டுவிட்டு ஒரு பதிலை மட்டும் காட்டலாமா?

சலிக்கும் சல்லடை

இங்கேதான் திருத்தம் வருகிறது. எளிய திருத்தம் இது. எத்தனை கேள்வி கேட்டீர்களோ, அத்தனையால் பெருக்குங்கள். 1,000-ல் 15 என்பதை 20-ஆல் பெருக்கினால் 1,000-ல் 300. கோட்டுக்கு வெகு தூரம் வெளியே போய்விட்டது. 4 சாளையில் அதிசயம் இல்லை!

கூடையில் 6 சாளை இருந்தால்? அதன் வாய்ப்பு ஒரு லட்சத்தில் 26 மட்டுமே. 20-ஆல் பெருக்கினாலும் ஒரு லட்சத்தில் 520. அதாவது 1,000-ல் 5 சொச்சம். கோட்டுக்குள்ளேயே நிற்கிறது. இது கவனிக்க வேண்டிய சங்கதி.

பெருக்கும் இந்தத் திருத்தத்துக்கு இத்தாலிய அறிஞர் பான்பெரோனியின் பெயர் வழங்குகிறது. இதற்கு அடிப்படையான கணக்கை அவர் 1936-ல் எழுதினார்.

இந்தச் சல்லடை மிகவும் கண்டிப்பானது. கண் மிக நெருக்கம். பதர் ஒன்றுகூடக் கலந்துவிடக் கூடாது என்று பார்க்கும். அதனால் நல்ல நெல்லும் பல தடவை வீணாகப் போய்விடும்.

1995-ல் இஸ்ரேல் நாட்டு அறிஞர்கள் பெஞ்சமினி, ஹாக்பெர்க் இருவரும் வேறு சல்லடை செய்தார்கள். வாய்ப்புக் குறைந்ததை முதலில் வைத்து வரிசைப்படுத்துவார்கள். 20 வகை என்றால், முதல் இடத்துக்கு 400-ல் 1 என்று கோடு. இரண்டாம் இடத்துக்கு 400-ல் 2. மூன்றாம் இடத்துக்கு 400-ல் 3. இப்படிக் கோடு படிப்படியாக இளகும். தன் கோட்டுக்குள் நிற்கும் கடைசிப் பெயர் எதுவோ, அதுவரை எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வார்கள். பொறுக்கி எடுத்ததில் சராசரியாக 100-க்கு 5-க்கு மேல் பதர் இல்லாதபடி இது பார்த்துக்கொள்ளும். மரபணு ஆராய்ச்சியில் இன்று பெரும்பாலும் புழங்குவது இதுதான்.

படிக்கும்போது ஏமாறாதீர்கள்

சலித்து வந்த முடிவைப் படிக்கிறவர்கள் நாலு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

முதலாவது: 100-க்கு 5 பதர் என்பது முழு மூட்டைக்குச் சொன்ன கணக்கு. ஒவ்வொரு நெல்லுக்கும் சொன்னது அல்ல. வரிசையின் தலையில் நிற்பது உறுதியாக இருக்கலாம். வாலில் நிற்பது சந்தேகமாக இருக்கலாம்.

இரண்டாவது: ஒரே மரபணு பல கூட்டத்தில் இருக்கும். நம் ஊரில் ஒருவரே கோவில் கமிட்டியிலும், கூட்டுறவுச் சங்கத்திலும், நூலகக் குழுவிலும் இருப்பதில்லையா? மூன்று சங்கத்தார் வந்தார்கள் என்று பத்திரிகையில் போடுவார்கள். போய்ப் பார்த்தால் வந்தது அதே ஐந்து பேர்தான்! அதுபோல, பத்துக் கூட்டங்கள் தேறின என்றால் பத்துத் தனிச் செய்தி என்று எண்ணக் கூடாது.

மூன்றாவது: எதோடு ஒப்பிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். பாம்பன் கூடையை அன்று பாம்பன் கரையில் இறங்கிய மீனோடு ஒப்பிட வேண்டும். உலகத்துக் கடல் மீனையெல்லாம் சேர்த்து ஒப்பிட்டால், பாம்பன் மீன் எல்லாமே அதிசயமாகத் தெரியும். இருதயத்தின் தசையை எடுத்து ஆராய்ந்தவர், அங்கே வேலை செய்யாத மரபணுக்களையும் சேர்த்து ஒப்பிட்டால், இருதயக் கூட்டமே முன்னால் வந்து நிற்கும். அதில் புதுமை என்ன?

நாலாவது: சல்லடையில் தங்காததெல்லாம் பொய் என்று நினைத்துவிடக் கூடாது. போதிய சாட்சி இல்லை, அவ்வளவுதான். இதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது.

சர்க்கரை நோய் தந்த பாடம்

2003-ல் அமெரிக்காவில் டாக்டர் வம்சி மூதா என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானியும் அவர் தோழர்களும் சர்க்கரை நோயை ஆராய்ந்தார்கள். 43 ஆண்களின் தசையைச் சிறிது எடுத்து, மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளந்தார்கள். சிலருக்குச் சர்க்கரை நோய் உண்டு. சிலருக்கு இல்லை.

ஒவ்வொரு மரபணுவாகப் பார்த்தார்கள். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட கேள்வி! திருத்தம் போட்டுப் பார்த்தபோது ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாம் சல்லடையில் போய்விட்டது.

அவர்கள் சோர்ந்துவிடவில்லை. மரபணுக்களை 149 கூட்டமாகச் சேர்த்தார்கள். கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். அப்போது ஒரு கூட்டம் எழுந்து நின்றது. பிராணவாயுவைக் கொண்டு உணவை எரித்துச் சக்தி தரும் கூட்டம் அது. அதிலுள்ள மரபணுக்கள் நோயாளிகளிடம் சராசரியாக 100-க்கு 20 அளவு மந்தமாக இருந்தன. தனித் தனியே பார்த்தால் தெரியாத சிறு குறைவு. எல்லாம் ஒரே திசையில் சாய்ந்ததால் தெரிந்தது. ஒரு குச்சி ஒடியும், கட்டு ஒடியாது என்பது பாட்டி சொன்ன கதை அல்லவா?

149 கேள்வி கேட்டதற்குத் திருத்தம் வேண்டாமா? அதையும் செய்தார்கள். யார் நோயாளி, யார் நோயில்லாதவர் என்ற சீட்டைக் கலைத்துப் போட்டு மீண்டும் மீண்டும் கணக்குப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் 149-ல் முதலில் நிற்கும் கூட்டத்தை மட்டும் எடுத்தார்கள். உண்மையில் கண்ட அளவு, கலைத்துப் போட்டபோது 100-க்கு 3 தடவைதான் வந்தது. கோட்டுக்குள் நின்றுவிட்டது.

சீட்டைக் கலைத்துப் பார்க்கும் இந்த யோசனையின் வேரும் பிஷரின் 1935-ம் ஆண்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

ஒன்று நினைவிருக்கட்டும். அந்தக் கூட்டம் மந்தமானதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் மந்தமானதா என்பதை இந்தக் கணக்குச் சொல்லாது. எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டும். தோண்டிப் பார்ப்பது அடுத்த வேலை.

யானைக்கும் அடி சறுக்கும்

பிஷரின் புகழ் ஓங்கியது. 1943-ல் கேம்பிரிட்ஜில் மரபியல் பேராசிரியர் ஆனார். அதே ஆண்டில் போர் அவருடைய மூத்த மகனைப் பலி கொண்டது. விமானப் படையில் இருந்த பிள்ளை. 1952-ல் சர் பட்டம் கிடைத்தது.

இத்தனை பெரிய மனிதர் இரண்டு இடத்தில் சறுக்கினார்.

அந்தக் காலத்தில் மேல்நாட்டில் ஒரு கொள்கை பரவியிருந்தது. மாட்டைத் தேர்ந்து இனம் பெருக்குவதுபோல மனிதரையும் தேர்ந்து பெருக்க வேண்டும் என்ற கொள்கை. பிஷர் அதை இளமை முதல் ஆதரித்தார். அந்தக் கொள்கையின் பெயரால் பல நாடுகளில் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பெருங்கொடுமை நடந்தது. 2020-ல், கேம்பிரிட்ஜில் பிஷர் படித்த கல்லூரியார், அவர் நினைவாக வைத்திருந்த வண்ணக் கண்ணாடிச் சன்னலை எடுத்துவிட முடிவு செய்தார்கள். காரணம் இதுதான்.

இரண்டாவது சறுக்கல் புகையிலை. 1950-ல் டால், ஹில் என்ற இரு ஆங்கில அறிஞர்கள் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று காட்டினார்கள். பிஷர் ஒப்பவில்லை. அவரும் புகை பிடிப்பவர். புகையிலைக் கம்பெனிகளின் குழுவுக்குச் சம்பளம் பெற்ற ஆலோசகராகவும் இருந்தார்.

சேர்ந்து வருவதெல்லாம் காரணம் ஆகாது என்று வாதிட்டார். அது நியாயமான வாதம். சிகரெட் ஆசையையும் புற்றுநோயையும் ஒரே மரபணு தரலாமே என்றும் கேட்டார். அதுவும் கேட்கத்தக்க கேள்விதான்.

ஆனால் அவர் பெரிதாகப் பிடித்துக்கொண்டது வேறொன்று. டாலும் ஹில்லும் நோயாளிகளிடம் பல கேள்விகள் கேட்டிருந்தார்கள். புகையை உள்ளே இழுப்பீர்களா என்பது அவற்றில் ஒன்று. இழுப்போம் என்று சொன்னவர்கள் புற்றுநோயாளிகளிடையே கொஞ்சம் குறைவாக இருந்தார்கள். மற்றக் கேள்விகளின் விடை ஒரு பக்கம். இந்த ஒன்று மறு பக்கம். பிஷர் இந்த ஒன்றையே ஆயுதமாக எடுத்தார்.

குவியலிலிருந்து தமக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுக்கக் கூடாது என்று 1935-ல் உலகத்தை எச்சரித்த அதே மனிதர்! கணக்குத் தெரியாமல் செய்த பிழை என்று இதைச் சொல்ல முடியுமா? ஆசை கண்ணை மறைத்தால் மேதைக்கும் வழி தெரியாது.

டாலும் ஹில்லும் சும்மா இருக்கவில்லை. பிரிட்டிஷ் டாக்டர்கள் சுமார் 40,000 பேரை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். சிகரெட் கூடக் கூட மரணமும் கூடியது. ஒரே கேள்வி, புது ஆட்கள், திரும்பவும் அதே பதில். திரும்பச் செய்தும் பலன் மாறாததை நம்பு என்பதுதானே பிஷரே வகுத்த விதி? அவர் விதி வென்றது. அவர் வாதம் தோற்றது.

மறைவு

ஓய்வு பெற்ற பின், 1959-ல் பிஷர் ஆஸ்திரேலியாவில் உள்ள அடிலெய்டு நகருக்குப் போய்த் தங்கினார். குடலில் புற்றுநோய் கண்டது. அறுவை சிகிச்சை செய்தார்கள். பிழைக்கவில்லை. 1962 ஜூலை 29-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 72. அவர் சாம்பல் அந்நகரின் மாதா கோவிலில் வைக்கப்பட்டிருக்கிறது.

நமக்கு என்ன?

ஆராய்ச்சிக் கூடத்துச் சங்கதி நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம்.

இந்த நோய்க்கு மரபணு கண்டுபிடிப்பு என்று அடிக்கடி செய்தி வருகிறது. எச்சிலைக் கொடுங்கள், மரபணுவைப் பார்த்து என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்கிறோம் என்று விளம்பரம் வருகிறது. சர்க்கரை நோய் இல்லாத தெரு இன்று இல்லை. பெற்ற பிள்ளைக்கு நோய் வருமோ என்ற பயத்தில் கடன் வாங்கியாவது பணத்தைக் கட்ட ஆள் இருக்கிறது.

கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மரபணுவைப் பார்த்து இந்த ஒன்றைச் சொல்கிறீர்கள்? பார்த்த எண்ணிக்கைக்குத் திருத்தம் போட்டீர்களா? வேறு ஊரில், வேறு ஆட்களிடம் திரும்பச் செய்தபோதும் இதே பலன் வந்ததா?

மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் மேலே கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். டாக்டர் தந்த மருந்தை மட்டும் விளம்பரத்தை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

வலம்புரி என்று சொல்லி ஒருவர் சங்கை நீட்டினால், நம் கடற்கரைப் பெரியவர்கள் உடனே பணத்தை எடுப்பதில்லை. வாங்கிப் புரட்டிப் பார்ப்பார்கள். எங்கே, எப்போது எடுத்தது என்று விசாரிப்பார்கள். பிஷர் உலகத்துக்குச் சொன்னதும் அதுதான். எத்தனை முறை முங்கினாய் என்று கேள். அதற்குப் பிறகு சங்கைப் பார்.